இதற்கு மேல் கேட்க முடியாது

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஆசிரியர் என்ற சொல்லுக்கு, மனு எழுதித் தருபவர் என்றும் ஒரு பொருள் உண்டு. அஸ்வெசும பட்டியலில் பெயர் வராதவர், காணிப் பத்திரத்தில் எல்லை பிழைத்தவர், பிள்ளையை முதலாம் தரத்தில் சேர்க்க முடியாமற் போனவர் என்று யாராவது ஒருவர் அஸருக்குப் பிறகு ஒரு கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுவார். ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் பாடத்திட்டம் எழுதப் பழக்கினார்கள், மனு எழுதப் பழக்கவில்லை. ஆனாலும் இருபது வருடங்களுக்கு மேலாக எழுதி வருகிறேன். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை ‘மேன்முறையீடு’ என்ற ஒரே தலைப்பைக் கொண்டவை. கீழே ஒருவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டார். மேலே இருக்கும் இன்னொருவரிடம் ‘அவர் சொன்னது சரிதானா?’ என்று கேட்கிறோம்.

கேட்பது இலகு. எத்தனை தடவை கேட்கலாம், எந்த நாளுக்குள் கேட்கலாம், எதைப் பற்றிக் கேட்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பவைதான் சிக்கல். ஒரு தீர்ப்புப் பிழையென்றால் அது முப்பதாம் நாளும் பிழை, முப்பத்தோராம் நாளும் பிழைதானே? நாட்கள் கடந்ததால் ஒரு பிழை சரியாகிவிடுமா? இந்தக் கேள்வியைச் சட்டம் படித்தவர்களிடம் கேட்டிருக்கிறேன். அவர்கள் பிரிவு இலக்கங்களைச் சொல்கிறார்கள். நான் கேட்பது இலக்கமல்ல, நியாயம்.

முதலில் மறுதரப்பின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அது வலுவானது. மேல் நீதிமன்றம் ஒன்றை வைத்தால் அதிலிருப்பவரும் மனிதர்தான். அவர் பிழைவிட்டால் அதற்கும் மேல் ஒன்று வேண்டும். அதிலும் மனிதர்தான். இந்தப் படிக்கட்டுக்கு இயற்கையான முடிவு கிடையாது, எங்கோ ஓரிடத்தில் நாமாகத்தான் நிறுத்த வேண்டும். அமெரிக்க உயர் நீதிமன்றத்தில் இருந்த றொபர்ட் ஜாக்ஸன் என்ற நீதியரசர் 1953இல் ஒரு தீர்ப்பில் இதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். தாங்கள் பிழைவிடாதவர்கள் என்பதால் கடைசிச் சொல் தங்களிடம் இல்லை, கடைசிச் சொல் தங்களிடம் இருப்பதாலேயே பிழைவிடாதவர்கள் போல் ஆகிவிடுகிறோம் என்ற கருத்துப்பட எழுதினார். தங்களுக்கு மேல் இன்னொரு நீதிமன்றம் இருந்தால் தங்கள் தீர்ப்புகளிலும் கணிசமானவை கவிழ்ந்துவிடும் என்றும் அதே இடத்தில் அவர் சொல்கிறார்.

வென்றவர் பக்கமிருந்தும் இதைப் பார்க்க வேண்டும். எங்கள் பகுதியில் வாப்பா தொடங்கிய பங்கு வழக்கை மகன் நடத்தி, பேரன் தீர்ப்புக் கேட்பது புதினமான சங்கதியல்ல. அப்படியான வழக்கில் ஒவ்வொரு மேன்முறையீடும் தோற்றவருக்கு ஒரு நம்பிக்கை, வென்றவருக்கு ஒரு தண்டனை. பணமுள்ளவர் தோற்றால் மேலே போவார். இல்லாதவர் வென்றால்கூடப் பயந்துகொண்டே இருப்பார். கேட்கும் உரிமைக்கு எல்லையே இல்லையென்றால் அது பலமுள்ளவரின் ஆயுதமாகிவிடும். சாட்சியின் ஞாபகமும் நாளாக ஆகத் தேய்கிறது. பத்து வருடம் கழித்துச் சொல்லப்படும் சாட்சியம் முதல் வருடச் சாட்சியத்தைவிடச் சரியாக இருக்கும் என்று நம்பக் காரணமில்லை.

ஆகவே எல்லை வேண்டும். இதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் எல்லைகள் எல்லாம் ஒரே சாதியல்ல. ‘எல்லை வேண்டும்’ என்று பொதுவாக ஒப்புக்கொண்டவுடன், யாரோ போட்டுவைத்த ஒவ்வொரு வேலியையும் நியாயமென்று விழுங்கிவிடுகிறோம். அங்கேதான் நான் மாறுபடுகிறேன்.

எங்கள் நாட்டின் பழைய வேலி ஒன்றைப் பாருங்கள். 1971 வரைக்கும் இலங்கையின் கடைசி நீதிமன்றம் இலண்டனில் இருந்த கோமறைக் கழகம். சிவில் வழக்கொன்றின் பெறுமதி 5,000 ரூபாவோ அதற்கு மேலோ என்றால் அங்கு போவது உரிமை. அதற்குக் குறைந்தால், பொது முக்கியத்துவம் வாய்ந்த பெரிய கேள்வி ஏதும் இருக்கிறது என்று காட்டி அனுமதி பெற வேண்டும். 1909ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் போட்ட கணக்கு இது. அன்றைய 5,000 ரூபாய் என்பது சாதாரண குடியானவன் கனவிலும் காணாத தொகை. அவனுடைய அரை ஏக்கர் பறிபோனால் அவனுக்கு அது முழு உலகமும் பறிபோனதுதான், ஆனால் சட்டத்தின் கண்ணில் பெறுமதி போதாது. ஒருவருடைய இழப்பின் கனத்தை ரூபாயில் நிறுத்துப் பார்த்த வேலி அது. வேலி போட்டவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கடல் கடந்து எல்லா வழக்கும் போக முடியாது என்பது உண்மைதான். ஆனால் எது போகலாம் என்பதைத் தீர்மானிக்க அவர்கள் தேர்ந்தெடுத்த அளவுகோல் யாருக்குச் சாதகமானது என்பதையும் பார்க்கத்தானே வேண்டும்.

காலவேலி வேறு வகை. அமெரிக்காவில் கீத் பௌல்ஸ் என்ற ஓஹியோ மாநிலச் சிறைக்கைதியின் வழக்கு 2007இல் தீர்க்கப்பட்டது. தன்னுடைய மனு தள்ளுபடியான செய்தியே அவருக்கு உரிய நேரத்தில் கிடைக்கவில்லை. எனவே மேன்முறையீடு செய்யும் காலத்தை மறுபடி திறந்துவிடும்படி கேட்டார், நீதிபதியும் திறந்துவிட்டார். சட்டத்தின்படி அப்படித் திறக்கக்கூடியது 14 நாட்களுக்கு. நீதிபதியோ, என்ன நினைவிலோ, 17 நாட்கள் கொடுத்து, பெப்ரவரி 27 வரை என்று திகதியும் எழுதிக் கையொப்பமிட்டார். பௌல்ஸின் தரப்பு பெப்ரவரி 26ஆம் திகதி, அதாவது நீதிபதி சொன்ன நாளுக்கு ஒரு நாள் முந்தி, மேன்முறையீட்டைத் தாக்கல் செய்தது. அது பதினாறாம் நாள். சட்டம் சொன்ன 14 கடந்துவிட்டது. உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் கதவைச் சாத்தியது. காலவரையறையைச் சட்டமன்றம் போட்டது, அதை நீட்ட எந்த நீதிபதிக்கும் அதிகாரமில்லை, ஆகவே மேன்முறையீட்டை விசாரிக்கும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு இல்லை என்றது. மாறுபட்டு எழுதிய நீதியரசர் சூட்டர், மனிதரை இப்படி நடத்துவதை ஒரு நீதித்துறையால் பொறுத்துக்கொள்ள முடியாது என்ற தோரணையில் கோபப்பட்டார்.

நான் வகுப்பில் ஓர் ஒப்படையைத் திங்கட்கிழமைக்குள் தரும்படி சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்த பிள்ளையிடம் ‘உண்மையில் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், நான் சொன்னது பிழை, ஆகவே உனக்குப் புள்ளியில்லை’ என்றால் ஒன்பதாம் தரப் பிள்ளைகள்கூடச் சிரிப்பார்கள். ஆனால் பெரும்பான்மைத் தீர்ப்பு முட்டாள்தனமானதல்ல. வேலியை ஒரு நீதிபதி தன் விருப்பப்படி நகர்த்தலாம் என்றால், நாளைக்கு வேண்டியவருக்கு நகர்த்துவார், வேண்டாதவருக்கு நகர்த்தமாட்டார். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பரிகாரமாக, நீதிபதியின் பிழைக்குக் கைதியைத் தண்டித்ததுதான் எனக்குச் செரிக்கவில்லை. வேலியின் விலையை யார் கொடுப்பது என்ற கேள்வி அங்கே கேட்கப்படவே இல்லை.

இன்னும் கடுமையானது, எதைப் பற்றிக் கேட்கலாம் என்ற வேலி. பெரும்பாலான நாடுகளில் மேல் நீதிமன்றத்திடம் ‘சட்டம் பிழையாகப் பிரயோகிக்கப்பட்டது’ என்று சொல்லலாம். ‘நடந்தது அதுவல்ல’ என்று சொல்வது கடினம். டெக்ஸஸ் மாநிலத்தில் 1981இல் நடந்த பொலிஸ் அதிகாரியின் கொலைக்காக லியோனல் ஹெரேரா என்பவருக்கு 1982இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. பத்து வருடங்களின் பின், கொலை செய்தது இறந்துபோன தன் சகோதரன்தான் என்று சொல்லும் சத்தியக் கடதாசிகளுடன் அவர் வந்தார். புதிய சாட்சியத்தைக் காட்டி மறு விசாரணை கேட்க டெக்ஸஸ் சட்டம் கொடுத்த அவகாசம் 30 நாட்கள். உயர் நீதிமன்றம் 1993 ஜனவரியில், ஆறுக்கு மூன்று என்ற கணக்கில், ‘நான் குற்றமற்றவன்’ என்ற கோரிக்கை மட்டும் தனியாக நின்று சமஷ்டி நீதிமன்றத்தின் கதவைத் திறக்காது என்றது. அந்த நீதிமன்றம் இருப்பது விசாரணை அரசியல் யாப்பின்படி நடந்ததா என்று பார்ப்பதற்கு. உண்மையைத் திரும்ப விசாரிப்பதற்கல்ல. மன்னிப்பு வேண்டுமானால் ஆளுநரிடம் கேட்கலாம். ஹெரேராவின் கடதாசிகள் பலவீனமானவை என்றும், மறுக்கவே முடியாத நிரூபணம் வந்தால் வேறுவிதமாக யோசிக்கலாம் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அவர் குற்றவாளியா இல்லையா என்பது எனக்குத் தெரிய வேண்டிய விடயமல்ல. உண்மையைக் கேட்க ஓர் இடம், விதிமுறையைக் கேட்க இன்னோர் இடம் என்று பிரித்துவிட்டு, உண்மையைக் கேட்கும் இடத்தை மட்டும் முதலில் பூட்டிவிடும் ஏற்பாடுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

இந்த இடத்தில் நமக்கு நன்கு பழக்கமான ஒரு ஹதீஸ் சம்பவம் நினைவுக்கு வருகிறது. புகாரியிலும் முஸ்லிமிலும் அபூ ஹுறைறா (ரழி) அறிவிப்பதாக உள்ளது. இரண்டு பெண்கள், ஒரு பிள்ளை. மற்றதை ஓநாய் கொண்டுபோய்விட்டது. எஞ்சிய பிள்ளை தன்னுடையது என்று இருவரும் தாவூத் (அலை) அவர்களிடம் வந்தார்கள். அவர்கள் மூத்த பெண்ணுக்குத் தீர்ப்பளித்தார்கள். வெளியே வந்தவர்கள் ஸுலைமான் (அலை) அவர்களிடம் போனார்கள். கத்தியைக் கொண்டுவாருங்கள், இரண்டாகப் பிளந்து தருகிறேன் என்று அவர்கள் சொன்னதும், இளைய பெண் வேண்டாம், பிள்ளை அவளுடையது என்று கதறினாள். பிள்ளை இளையவளுக்குக் கிடைத்தது. சிறு வயதில் இதை ஓதப்பள்ளியில் ஒரு புத்திசாலித்தனக் கதையாகத்தான் கேட்டோம். பெரியவனான பிறகுதான், இது ஒரு மேன்முறையீட்டின் கதை என்பது உறைத்தது. ஒருவர் தீர்த்த வழக்கை இன்னொருவர் எப்படி மாற்றலாம் என்று ஹதீஸ் விரிவுரையாளர்களும் கேள்வியெழுப்பி, பல விளக்கங்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் கவனிப்பது வேறொன்றை. ஸுலைமான் (அலை) முதல் விசாரணையின் பதிவைத் திரும்ப வாசிக்கவில்லை. முதல் விசாரணையில் இல்லாத ஒரு சாட்சியத்தை, அதாவது ஒரு தாயின் வாயிலிருந்து தானாக வந்த சொல்லை, உண்டாக்கினார்கள். பழைய கடதாசியையே இன்னொரு மேசையில் வைத்திருந்தால் பழைய முடிவுதான் வந்திருக்கும்.

கடதாசி என்றதும் எங்கள் அயல் வளவிலுள்ள ஒரு தாயைச் சொல்ல வேண்டும். அவருடைய இரண்டு பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள். தலாக்கிற்குப் பின் பிள்ளைகளுக்கான தாபரிப்பைக் காதி நீதவான் தீர்த்தார். கிடைத்த தொகை பாடசாலைச் செலவுக்கே காணாது. கணவருக்கு வேறொரு ஊரில் கடையொன்று இருப்பது பிறகுதான் தெரியவந்தது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியின் தீர்ப்புக்கு மேல் காதிகள் சபை இருக்கிறது, அதற்கும் மேல் அனுமதி பெற்று மேன்முறையீட்டு நீதிமன்றம் போகலாம் என்று நான் விளங்கப்படுத்தினேன். காதி முன் சட்டத்தரணி பேச முடியாது என்பதால், அவர் அன்று தானே பேசியிருந்தார். பேசினார் என்பதைவிட அழுதார் என்பது பொருத்தம்.

“சபை எங்க சேர் இருக்கு?”

“கொழும்பில, புதுக்கடையில.”

இரவு பஸ்ஸுக்கு எவ்வளவு, துணைக்கு வரும் காக்காவுக்கு எவ்வளவு, பிள்ளைகளை யாரிடம் விடுவது, எத்தனை தவணை போகும் என்று அவர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு கேட்டார்.

“அங்கயும் இந்தக் கடதாசியத்தானே சேர் பாப்பாங்க?”

நான் ஓமென்றேன். வழக்கேட்டில் அவர் தரப்பாக எழுதப்பட்டிருந்தது இரண்டே வரி. கடையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

“அப்ப அதுல நான் சொன்னது எங்க இருக்கு?”

என்னிடம் பதிலில்லை. அவர் மேலே போகவில்லை. எந்தச் சட்டமும் அவரைத் தடுக்கவில்லை என்று ஒருவர் வாதிடலாம். சட்டப் புத்தகத்தில் இல்லாத வேலிகளும் உண்டு, பஸ் கட்டணமும் ஒரு வேலி. அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கும் இதே கதைதான். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை அதைக் கொழும்பிலுள்ள உயர் நீதிமன்றத்துக்கே உரியதாக்கி, ஒரு மாதத்துக்குள் வரவேண்டும் என்கிறது. பொத்துவிலில் இருப்பவருக்கும் புதுக்கடையில் இருப்பவருக்கும் அதே ஒரு மாதம். மேலும் அந்த மனு நிறைவேற்று, நிர்வாகச் செயல்களுக்கு எதிராக மட்டுமே. ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பே உரிமையை மீறிவிட்டது என்று அந்த வழியால் கேட்க முடியாது. முஸ்லிம் தனியார் சட்டத் திருத்தம் பற்றி ஆராய 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. காதி எத்தகையவராக இருக்க வேண்டும், பெண் காதியாகலாமா என்பவற்றைப் பற்றி எங்கள் பத்திரிகைகளில் சூடாக எழுதினோம். முதல் விசாரணையின் பதிவை யார் எழுதுகிறார், எப்படி எழுதுகிறார் என்பதைப் பற்றி எழுதியவர்கள் எத்தனை பேர்?

என் கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. மேன்முறையீடு என்பது பெரும்பாலும் கடதாசியை வாசிப்பது. அந்தக் கடதாசி நேர்மையாக எழுதப்பட்டிருந்தால், அதற்கு மேல் போடும் எல்லைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். கேட்டவர் சொன்னது அதில் இல்லையென்றால், ஏழு படி வைத்தாலும் ஏழு படியிலும் அதே இல்லாமைதான் வாசிக்கப்படும்.

இதற்கு நம் நாட்டிலேயே வேதனையான சான்று ஒன்றுண்டு. சிங்கராசா வழக்கு. மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா 1993 ஜூலையில் கைதானவர். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றே. அவருக்கு எதிராக இருந்தது ஒரு குற்ற ஒப்புதல் வாக்குமூலம். அதுவோ சிங்களத்தில் இருந்தது. மொழிபெயர்த்ததும் ஒரு பொலிஸ்காரர். அடியில் இருந்தது கைவிரல் அடையாளம். 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அத்தகைய வாக்குமூலம் கட்டாயப்படுத்திப் பெறப்பட்டது என்பதை நிரூபிக்கும் பாரத்தைச் சந்தேகநபரின் தலையில் வைத்திருந்தது. 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 வருடம் விதித்தது. 1999இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்து, தண்டனையை 35 ஆக்கியது. 2000 ஜனவரியில் உயர் நீதிமன்றம் விசேட அனுமதி மறுத்தது.

படிகள் இல்லாமலில்லை, மூன்றிலும் ஏறித்தான் பார்த்தார். ஆனால் மூன்று படியிலும் மேசையில் இருந்தது அவருக்கு வாசிக்கத் தெரியாத அதே கடதாசி. பின்னர் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவுக்கு முறையிட்டார். 1997இல் இலங்கை ஒரு விருப்புரிமைப் பொருத்தனையில் இணைந்துகொண்டு அந்தக் கதவைத் திறந்திருந்தது. 2004 ஜூலையில் அந்தக் குழு, சுதந்திரமான மொழிபெயர்ப்பாளர் இல்லாமற் பெற்ற வாக்குமூலத்தில் தங்கியதும், நிரூபிக்கும் பாரத்தை அவர் மீது சுமத்தியதும், மேன்முறையீடு நான்கு வருடம் இழுபட்டதும் நியாயமான விசாரணைக்கான உரிமையை மீறின என்று கண்டது. அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்திடம் திரும்ப வந்து, பழைய தீர்ப்பை மீளாய்வு செய்யும்படி கேட்டார்கள். 2006 செப்டெம்பர் 15ஆம் திகதி, பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான ஆயம் மறுத்தது. மக்களின் நீதித்துறை அதிகாரம் நாட்டு நீதிமன்றங்களுக்கு ஊடாக மட்டுமே பிரயோகிக்கப்படலாம், ஜனாதிபதி அந்தப் பொருத்தனையில் இணைந்தது அரசியலமைப்புக்கு முரணானது என்பது காரணம்.

இறைமை பற்றிய அந்த வாதத்தைப் பலரும் அலசிவிட்டார்கள். நான் சட்டவாளன் அல்லன், அதற்குள் இறங்கவில்லை. மொழியாசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ‘இதற்கு மேல் கேட்க முடியாது’ என்ற வாசகத்தை ஒருவரிடம் சொல்வதற்கு முன், ‘நீ சொன்னதை நாங்கள் ஒரு தடவையாவது உன் மொழியில் கேட்டோம்’ என்று சொல்ல முடிந்திருக்க வேண்டும். அந்த ஒரு தடவை நடந்திருந்தால் எல்லை நியாயமானது. அது நடக்காதபோது எல்லை போடுவது முடிவுக்குக் கொண்டுவருவதல்ல, தொடங்கவே விடாதது.

எங்கள் அரசியலமைப்பிலேயே இந்தச் சிந்தனையின் ஒரு நிழல் இருக்கிறது. 138ஆம் உறுப்புரை, ஒரு தரப்பாரின் முக்கிய உரிமைகளைப் பாதிக்காத, நீதி தவறச் செய்யாத வழுக்களுக்காகத் தீர்ப்பை மாற்றக்கூடாது என்கிறது. சிறு வழுவுக்குத் தீர்ப்பைக் கவிழ்க்காதே என்பது அதன் நோக்கம். நல்லதுதான். அதையே மறுபக்கமாகத் திருப்பி, நீதி தவறிய இடத்தில் சிறு விதியைக் காட்டிக் கதவைச் சாத்தாதே என்று வாசிக்க நமக்கு ஏன் இத்தனை தயக்கம்?

மறுப்பைச் சொல்லும் விதமும் இதில் சேரும். சாதாரண தரப் பெறுபேற்றை மீள்பரிசீலனை செய்யக் கேட்கும் பிள்ளைகளுக்கு மாதங்கள் கழித்து வரும் பதில் பெரும்பாலும் ‘மாற்றமில்லை’. கூட்டல் பிழையில்லையா, விடையைத் திரும்ப வாசித்தார்களா, வாசித்தும் அதே புள்ளியா? பிள்ளைக்குத் தெரியாது. இலட்சக்கணக்கான தாள்களுக்குக் காரணம் எழுத முடியாது என்று பரீட்சைக்காரர் சொல்லலாம், ஏற்றுக்கொள்கிறேன். மனிதரின் சுதந்திரம் சம்பந்தப்பட்ட இடத்திலும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற ஒற்றை வரி வந்தால் அதை ஏற்க மனம் இடந்தரவில்லை. தோற்பதைவிட, ஏன் தோற்றேன் என்று தெரியாமலிருப்பது ஒருவனை அதிக காலம் அரிக்கும்.

வென்றவரைப் பற்றி முன்னர் சொன்னேன். அவருக்கும் ஒரு கடன் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள், தாமும் மனிதரே என்றும், வழக்குரைப்பவரில் ஒருவர் மற்றவரைவிடச் சாதுரியமாகப் பேசிவிடலாம் என்றும், கேட்டதை வைத்துத்தான் தாம் தீர்ப்பளிப்பதாகவும், அப்படி இன்னொருவரின் உரிமை தவறுதலாக ஒருவருக்குத் தீர்க்கப்பட்டால் அது நெருப்பின் ஒரு துண்டு என்றும் எச்சரித்ததை உம்மு ஸலமா (ரழி) அறிவிக்கிறார்கள். இதன் பொருள் எனக்கு இப்படிப் படுகிறது: மேன்முறையீட்டுக் காலம் முடிந்ததும் தோற்றவரின் வாய்தான் மூடப்படுகிறது, வென்றவரின் மனச்சாட்சி மூடப்படுவதில்லை. வேறு ஊரில் கடை வைத்திருந்த அந்தக் கணவரின் கையில் காதியின் தீர்ப்பு இருக்கிறது. கடையின் வருமானமும் இருக்கிறது. சபைக்குப் போகும் காலம் முடிந்துவிட்டது என்பது அவருக்கு எந்த வகையிலும் ஹலால் சான்றிதழ் அல்ல. எங்கள் பள்ளிவாசல் நிர்வாகங்கள் தீர்ப்பைக் காட்டியதும் ‘அது முடிஞ்ச விசயம்’ என்று எழுந்துவிடுகிறார்கள். நீதிமன்றத்துக்கு முடிந்ததுதான். அவருக்கு எப்படி முடிந்தது?

கடைசியாக, எனக்கே தீராத ஒரு கணக்கு. உமர் (ரழி) அவர்களின் காலத்து வாரிசுரிமைப் பிரச்சினை அது. இறந்த பெண்ணுக்குக் கணவர், தாய், தாய்வழிச் சகோதரர்கள், அவர்களோடு தாயும் தந்தையும் ஒன்றான சகோதரர்கள். கணவருக்கு 1/2, தாய்க்கு 1/6, தாய்வழிச் சகோதரருக்கு 1/3. கூட்டினால் சரியாக ஒன்று, மிச்சமில்லை. நெருங்கிய உறவான முழுச் சகோதரருக்கு ஒன்றுமில்லை. முதலில் உமர் (ரழி) அப்படியே தீர்த்தார்கள். பிறகு இதேபோன்ற இன்னொரு வழக்கு வந்தபோது, எங்கள் தந்தையைக் கழித்துவிட்டாலும் தாய் ஒருத்திதானே என்று முழுச் சகோதரர்கள் வாதாடினார்கள். அது நியாயமாகப் பட்டதால் 1/3 பங்கில் அவர்களையும் சேர்த்துப் பகிர்ந்தார்கள். முன்னர் வேறுவிதமாகத் தீர்த்தீர்களே என்று ஒருவர் கேட்டதற்கு, அது அன்று நாம் தீர்த்தபடி நிற்கும், இது இன்று தீர்க்கிறபடி நிற்கும் என்ற கருத்தில் பதிலளித்ததாக அறிவிக்கப்படுகிறது. ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நாங்கள் இரண்டாம் தீர்ப்பையே எடுத்துக்கொண்டிருக்கிறோம். ஓர் இஜ்திஹாத் இன்னோர் இஜ்திஹாதை முறிக்காது என்ற பிக்ஹு விதிக்கு இதை ஆதாரமாகக் காட்டுவார்கள். உஸ்மானியரின் மஜல்லாச் சட்டத் தொகுப்பிலும் அது 16ஆவது விதி.

எல்லை போடுவதற்கு இதைவிட நேர்மையான முன்மாதிரி கிடையாது என்று நினைக்கிறேன். முதல் தீர்ப்பு நேர்மையாகக் கேட்டுத் தீர்த்தது, யாருடைய சொல்லும் மறைக்கப்படவில்லை. கருத்து மாறியது, அவ்வளவுதான். பழைய தீர்ப்புகளையெல்லாம் திரும்பத் திறந்தால் பகிர்ந்த சொத்தை யாரிடமிருந்து பிடுங்குவது? இத்தனையும் விளங்குகிறது. ஆனாலும் அந்த முதல் வழக்கில் வெறுங்கையோடு வீடு திரும்பிய முழுச் சகோதரர்கள், இரண்டாம் தீர்ப்பைக் கேள்விப்பட்ட நாளில் என்ன நினைத்திருப்பார்கள் என்று எந்த நூலிலும் நான் வாசித்ததில்லை.